தொண்ணூறு நாள் வெள்ளைச் சோறு

1910 ஆகஸ்ட் 1, திங்கள்

இன்று முதல் எனக்குச் சாப்பாட்டுச் சாமான் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறது. ஒரு பை சியாம் வெள்ளை அரிசி, கருவாடு, வெங்காயம், தேங்காயெண்ணெய், தேயிலை. தொண்ணூறு நாளைக்கு இதைத் தவிர வேறெதுவும் சாப்பிடக்கூடாது என்று டாக்டர் துரை சொல்ல, காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸர் ராமச்சந்திரன் அதைத் தமிழில் எனக்குச் சொன்னார். ஒரு கட்டுத் தாளும் கொடுத்திருக்கிறார்கள். வேளாவேளைக்குச் சாப்பிட்டதை அதில் எழுத வேண்டும்.

கால் மரத்து, வீங்கி, கடைசியில் மூச்சு முட்டிக் கொல்கிற பெரிபெரி எதனால் வருகிறது என்று துரைமாருக்குள்ளேயே சண்டையாம். ஈரத் தரையும் கெட்ட காற்றும்தான் காரணம் என்று ஒரு கட்சி. தீட்டித் தீட்டி வெளுத்த அரிசிதான் என்று இன்னொரு கட்சி. நல்ல வீட்டில் இருக்கிற, நோய் இல்லாத ஒருத்தன் வெறும் வெள்ளைச் சோறாகத் தின்று காட்டினால் தெரிந்துவிடும். யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது எங்கள் காஜா பெராங் பேட்டையில் கையைத் தூக்கியவன் நான் ஒருத்தன்தான்.

என் மனைவி மஜீதாவுக்குக் கோபம். அடுப்படியில் பாத்திரங்கள்தான் பேசுகின்றன.

ஆகஸ்ட் 3

ஏன் போனேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் அரிசிக் கடைக்கு எதிர் வரிசையில் சீனத் தச்சர் லிம் இருந்தார்; தவுக்கே என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவேன். கிராமத்து மலாய்க்காரர்கள் உரலில் குத்திய சிவப்பரிசிதான் வாங்குவார். நான் சும்மா இருந்தேனா? போவோர் வருவோரை எல்லாம் சியாம் வெள்ளைக்கு இழுப்பதுதானே என் பெருமை. “இது கோழிக்குப் போடுற அரிசி தவுக்கே. வெள்ளையை ஒரு தரம் ஆக்கித் தின்னு பாருங்க” என்று வாரத்துக்கு மூன்று தடவை சொன்னேன். போன செப்டம்பரில் மாறினார். பிடித்துப்போயிற்று. ஏப்ரலில் கால் வீங்கியது. மே மாதம் செத்தார்.

அவர் மனைவி நியோவும் ஆறு வயது மகளும் இன்னும் அதே அரிசியைத்தான் தின்கிறார்கள். விற்பதும் நான்தான்.

அவரைக் கொன்றது அரிசியா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். வேறு ஒரு எழவும் வேண்டாம்.

ஆகஸ்ட் 19

உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது. எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. மரத்திருக்கிறதா என்று கெண்டைக்காலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துத் தோல் கன்றிவிட்டது. சாயங்காலம் கிளேபாங் கடற்கரை வரை வேகமாக நடந்து போய்த் திரும்பினேன். ஒன்றும் இல்லை. சந்தோஷப்படுவதா, இன்னும் நாள் இருக்கிறது என்று பயப்படுவதா?

ஆகஸ்ட் 31

கருவாட்டைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. முதலாளி தாவூத் ராவுத்தர், “என்னப்பா சிஹாபு, வாடிக்கைக்காரங்க மேல விழுந்து கடிக்கிறே?” என்று கேட்டார். முட்டியில் லேசாக ஒரு கனம் தெரிகிறது. அல்லது தெரிய வேண்டும் என்று நினைப்பதால் தெரிகிறதோ என்னவோ.

செப்டம்பர் 6

முதல் நோன்பு. நோன்பு வைக்கலாமா என்று போன வாரமே ராமச்சந்திரன் துரையைக் கேட்டுவிட்டார். அதே சாப்பாடாக இருந்தால் எந்த நேரத்தில் தின்றாலும் சரி என்றாராம்.

விடியுமுன் சஹருக்கு வெள்ளைச் சோறும் கருவாடும். சாயங்காலம் பள்ளிவாசலில் கஞ்சி குடித்து நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். மறுபடியும் வெள்ளைச் சோறும் கருவாடும். இரண்டு வேளையையும் தாளில் எழுதியாயிற்று.

செப்டம்பர் 22

முட்டியில் இருந்த கனம் போய்விட்டது. பகல் முழுக்கப் பட்டினி கிடக்கிறவனுக்கு இப்படி ஒரு தெம்பா? நோன்பின் பரக்கத், அல்லாவின் அருள் என்கிறார் முதலாளி. பள்ளியில் இந்த வருஷம் கஞ்சி நல்ல கஞ்சி. இரண்டு கோப்பை குடிக்காமல் எழுந்திருக்க மனம் வருவதில்லை.

அக்டோபர் 6

பெருநாள். வீடு முழுக்கப் பிரியாணி வாசம். நான் மட்டும் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கருவாடு தின்றேன். மஜீதா ஒரு துண்டு கறியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். “ஒரு துண்டுல என்ன மச்சான் ஆயிடப் போவுது?” எடுத்து வெளியே வைத்தேன். கண் கலங்கிப்போனாள். எழுதிக் கொடுக்கிற தாளில் பொய் இருக்கக் கூடாது. அதில் நான் பிடிவாதக்காரன்.

அக்டோபர் 29, சனி

முடிந்தது. துரை என்னை மேசை மேல் உட்கார வைத்து முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளியது. கெண்டைக்காலை அமுக்கினார். குழி விழவில்லை. குந்தி எழச் சொன்னார். பத்துத் தரம் எழுந்தேன். தாள்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டுக் கை குலுக்கினார். அரிசி காரணமில்லை, வீட்டுத் தரைதான் காரணம் என்று அறிக்கை எழுதி அடுத்த சனிக்கிழமைக் கப்பலில் சிங்கப்பூருக்கு அனுப்பப் போகிறாராம்.

நான் கொல்லவில்லை. ஆறு மாதமாக நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. திரும்பும் வழியில் நேரே நியோ வீட்டு வாசலில் நின்று, “அரிசி நல்லதுதான், டாக்டரே சொல்லிட்டாரு, பிள்ளைக்கு வயிறு நிறையப் போடு” என்று மலாயில் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அரிசியைப் பற்றி அவள் சந்தேகப்பட்டதே இல்லையே. சிரித்துத் தலையாட்டினாள்.

நவம்பர் 2

ராமச்சந்திரன் கடைக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பாசிப்பயறு வேண்டுமாம், இரண்டு மூட்டை. இவ்வளவு எதற்கு என்று கேட்டேன்.

“பெரிபெரிக்காரங்களுக்குத்தான் பாய். பயறு அவிச்சுக் குடுத்தா சில பேரு எழுந்து நடக்கிறாங்க. ஏன்னு துரைக்கே தெரியல.”

மூட்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். நோன்புக் கஞ்சியில் என்னென்ன போடுவார்கள்? அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், ஆட்டுக்கறி. முப்பது நாள். நாளைக்கு இரண்டு கோப்பை.

தாளில் எழுதினேனா? ஒரு நாள்கூட எழுதவில்லை. மறைக்கவும் இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. கஞ்சி குடித்து நோன்பு திறந்துவிட்டு அப்புறம் சாப்பிடுவோம் என்றுதானே எல்லோரும் சொல்கிறோம். அதை எவன் சாப்பாட்டில் சேர்த்தான்?

நவம்பர் 3

சொல்லாவிட்டால் என்ன? கேட்க யார் இருக்கிறார்கள்? நான் நன்றாக இருக்கிறேன், துரைக்குச் சந்தோஷம், முதலாளிக்குச் சந்தோஷம். கஞ்சி இல்லாவிட்டாலும் நான் நன்றாகவே இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் —

லிம்மின் பெண்பிள்ளை எதிர் வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தது. அதன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 4

இல்லை. முடியாது. ஜும்ஆத் தொழுகையில் என்ன ஓதினார்கள் என்றே தெரியவில்லை.

நவம்பர் 5, சனி

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அறிக்கை உறையில் ஒட்டப்பட்டு மேசை மேல் இருந்தது. கஞ்சி விஷயத்தைச் சொன்னேன்.

ராமச்சந்திரன் என்னை முறைத்தார். “எல்லாத்தையும் எழுதிட்டேன்னு சொன்னீங்களே பாய்?”

“சாப்பிட்டதை எல்லாம் எழுதினேன்.”

“அப்போ கஞ்சி?”

“அது நோன்பு தொறக்கிறதுங்க.”

இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று அவர் தலையைச் சொறிந்தார். எப்படியோ சொன்னார். துரைக்கு முகம் சிவந்தது. மூன்று மாதம் பாழ் என்று மட்டும் எனக்குப் புரிந்தது. உறையைக் கிழித்து அறிக்கையை வெளியே எடுத்தார். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாய் தானாகச் சொல்லிற்று: இன்னொரு தரம் தின்கிறேன்.

நவம்பர் 7

மறுபடியும் முதல் நாள். தண்ணீரைக்கூட எழுதுகிறேன்.

மஜீதா கத்தித் தீர்த்துவிட்டாள். “லிம் செத்தது உங்களாலேன்னா நீங்களும் செத்துக் காட்டணுமா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா மச்சான்? தூக்கத்துல அந்த ஆளு பேரைத்தானே சொல்றீங்க.” கால் கனத்தால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன்.

நவம்பர் 9

நியோவிடம், முடிவு தெரிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் ஆக்குகிற புழுங்கல் அரிசி வாங்கிக்கொள் என்றேன். மூக்கைச் சுளித்தாள். “அது ஊறப்போட்ட சாக்கு மாதிரி நாறும். போன வாரம் வெள்ளை நல்லதுன்னே. இந்த வாரம் கெட்டதுங்கிறே. உனக்குத் தலை சரியில்லை, மாமாக்.” தமிழ் முஸ்லிம் கடைக்காரனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெள்ளையையே வாங்கிப் போனாள். கையில் காட்ட ஒன்றும் இல்லாதவன் என்ன வாதாட முடியும்?

டிசம்பர் 20

ஒன்றும் இல்லை. தினமும் அந்தப் பிள்ளை ஓடுகிறதா என்று பார்க்கிறேன். ஓடுகிறது.

1911 ஜனவரி 14

நெஞ்சு படபடக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பயத்தினாலா, சோற்றினாலா? கால் பெருவிரலில் மெழுகு பூசியதுபோல ஒரு மரப்பு. போய்ச் சொன்னேன். துரை தட்டிப் பார்த்துவிட்டு, இஷ்டமானால் நிறுத்திக்கொள் என்றார். இது போதுமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மஜீதாவிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன்.

ஜனவரி 25

அஸர் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யப் பள்ளிவாசல் தடாகத்தின் ஓரத்தில் குந்தினேன். எழ முடியவில்லை. கால்கள் என்னுடையவை இல்லை. இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சுத்தியலால் தட்டியபோது கால் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. துரை நாலைந்து தடவை தட்டினார். எண்பதாவது நாள்.

“போதும் பாய்” என்றார் ராமச்சந்திரன். உடனே பயறு அவித்துக் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஜனவரி 27

அரிசிதான்.

இரண்டு நாளாக இந்த ஒரு வார்த்தையை எழுத வரவில்லை. துரையின் அறிக்கை மாறிவிட்டது, ஆஸ்பத்திரிச் சமையலில் வெள்ளை அரிசியை நிறுத்தச் சொல்லிவிட்டார். வார்டில் எல்லோரும் என்னைப் பெரிய மனுஷனைப்போலப் பார்க்கிறார்கள். லிம் பாட்டுக்குச் சிவப்பரிசி தின்றுகொண்டிருந்தார். கெடுத்தவன் நான். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு அழுதேன்.

பிப்ரவரி 3

வீட்டுக்கு வந்துவிட்டேன், கோல் ஊன்றிக்கொண்டு. மஜீதாவே போய் நியோவைக் கூட்டிவந்தாள். நான் கைலியை முழங்கால்வரை தூக்கி, கணைக்கால் எலும்பின் மேல் கட்டை விரலை அமுக்கி எடுத்தேன். குழி அப்படியே நின்றது.

அவள் அதையே பார்த்தாள். புருஷன் காலில் எத்தனை தடவை அமுக்கிப் பார்த்திருப்பாள். “வெள்ளை அரிசியா?” என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். மஜீதா ஒரு சட்டியில் புழுங்கல் சோறு கொடுத்தனுப்பினாள். பிள்ளை வாயில் வைத்ததும் துப்பிவிட்டதாம்.

பிப்ரவரி 11

நியோ எங்கள் அடுப்படிக்கு வந்து, வாடை போக எப்படிக் கழுவுவது என்று மஜீதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, இன்னொருத்திக்கு மலாய் அரைகுறை. கைஜாடையிலேயே நடந்தது. நான் உள்ளே போகவில்லை.

பிப்ரவரி 20, திங்கள்

கோல் இல்லாமல் கடைக்குப் போன முதல் நாள். பத்து மணிவாக்கில் நியோ பையோடு வந்தாள். வெள்ளை மூட்டைப் பக்கம் திரும்பவில்லை. புழுங்கல் மூன்று படி என்றாள். நான் படியை எடுத்ததும் கேட்டாள்:

“இதைத் தின்னிருந்தா அவரு இருந்திருப்பாரா?”

அல்லாவின் நாட்டம் என்று சொல்லிவிடலாம். யார் குறை சொல்வார்கள்?

“இருந்திருப்பார்” என்றேன். “மாறச் சொன்னது நான்தான்.”

“தெரியும். வீட்டுக்கு வந்து சொன்னாரு, மாமாக் நல்ல அரிசி குடுத்தான்னு.”

திட்டுவாள் என்று நினைத்தேன். பையின் வாயை விரித்துப் பிடித்தாள். அளந்து போட்டேன். கண் மறைத்தது. போட்டுக்கொண்டே இருந்தேன். “மூணு ஆச்சு” என்று என் கையைத் தடுத்துவிட்டு, கூடுதலாக விழுந்த படியை அவளே திரும்ப அள்ளி மூட்டையில் போட்டாள்.