துடைத்த துணி

நகக்கண்ணில் மருந்துச் சிவப்பு ஏறிவிட்டது. சோப்பு, தேங்காய் எண்ணெய், எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று, போகவில்லை. சிவாஜிநகர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் விரல்களைப் பார்த்து, "யார் வீட்ல கல்யாணம்?" என்று கேட்டார். மருதாணி என்று நினைத்துவிட்டார். நீ இருந்திருந்தால், "எங்ககிட்ட கல்யாணத்த நிறுத்துற மருந்துதாம்மா இருக்கு" என்று சொல்லிப் பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இன்றுதான் முதன்முறையாக நான் தனியாக ஏணி ஏறி ஒரு வெல்டிங்கைச் சோதித்துவிட்டு வந்தேன். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது.

பிரேசர் டவுனில் அந்த பேக்கரிக்கு மேலே இரண்டு மேசை போட்டு நாம் ஆபீஸ் நடத்திய காலத்தில், கட்டடங்களுக்குக் கணக்குப் போடுவோம், வரைந்து கொடுப்போம். அதோடு நம் பொறுப்பு தீர்ந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன். நீதான் கெடுத்தாய். "வரைஞ்சு குடுத்துட்டு கையத் தட்டிட்டு வந்துடறோம். அங்க இரும்பு இரும்போட ஒட்டிச்சா இல்லையான்னு யாருடி பாக்குறா?" என்று ஒரு நாள் ஆரம்பித்தாய். பிறகு விடவே இல்லை. முப்பத்தெட்டு வயதில் என்னையும் இழுத்துக்கொண்டு போய் வகுப்பில் உட்காரவைத்து, பரீட்சையும் எழுதவைத்தாய். பெயிண்டர் நம் போர்டில் 'வெல்டிங் பரிசோதனை' என்று ஒரு வரி சேர்த்தபோது, கீழே நின்று பன் தின்றுகொண்டே எழுத்து கோணுகிறது என்று அவரை அதட்டினாய்.

அடுத்தவர் கட்டடத்தில் குறை கண்டுபிடிப்பது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒத்துக்கொள்கிறேன். தேறாத வெல்டிங்கைச் சுற்றி மஞ்சள் பெயிண்டில் வட்டம் போடும்போது எனக்கு ஒரு மாமியார் சுகம்.

அப்புறம்தான் ஈஜிபுரா கல்யாண மண்டபம் வந்தது. அதன் இரும்புக் கூரையை வரைந்ததே நாம். சோதனையையும் நீங்களே செய்துவிடுங்கள் என்றார் ஓனர். நீ வேண்டாம் என்றாய். "நம்ம பேப்பர நாமளே திருத்துறதா?" என்று கேட்டாய். நான்தான் மல்லுக்கு நின்றேன். அந்தக் கூரையை நம்மைவிட யாருக்குத் தெரியும் என்று மூன்று நாள் பேசி உன்னைக் கரைத்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. மேடைக்கு இடதுபுறத் தூணின் உச்சியில் மூன்று இரும்பு வந்து சேரும் மூட்டு ஒன்று உண்டு. நான் வரைந்தது. சோதனைக்கு ஒரு வாரம் முன்னால் வெல்டர் எனக்கு போன் செய்தார். "மேடம், அந்த மூலையில கை போகமாட்டேங்குது. கண்ணாடி வெச்சுப் பாத்துதான் ஒட்டினேன். எனக்கே திருப்தியில்ல." நான், "பரவாயில்லண்ணா, விடுங்க" என்றேன். உன்னிடம் மூச்சு விடவில்லை.

சோதனை நாள் வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்தில் முதல் கல்யாணம், அதுவும் ஓனருடைய சொந்த மகளுக்கு. கீழே நாற்காலிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஓனர் கால் மணிக்கு ஒருமுறை அண்ணாந்து பார்த்து, "மேடம், பேக முகிசி! சீக்கிரம் முடிங்க, பூக்காரங்க வந்துட்டாங்க!" என்று கத்தினார். நீ வலதுபுறச் சாரத்தில், நான் இடதுபுறச் சாரத்தில்.

செய்முறை உனக்குத் தெரியாததா? இருந்தாலும் சொல்கிறேன், ஒன்று விடாமல் சொன்னால்தான் எனக்கு ஆறும். சிவப்பு மருந்தை அடித்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் சிவப்பு அதற்குள் இறங்கும். பிறகு கழுவுகிற மருந்தைத் துணியில் நனைத்து மேலே துடைத்துவிட்டு வெள்ளை மருந்தை அடித்தால், உள்ளே இறங்கிய சிவப்பு கோடாக மேலே வந்து காட்டிக்கொடுக்கும். கழுவுகிற மருந்தைத் துணியில்தான் அடிக்க வேண்டும். வெல்டிங் மேலேயே அடித்தால் வெடிப்புக்குள் இருக்கும் சிவப்பும் சேர்ந்து ஓடிவிடும். முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

நான் கழுவுகிற மருந்தை நேராக மூட்டின் மேலேயே அடித்தேன். வெள்ளை போட்டேன். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி பளிச்சென்று இருந்தது. சாக்பீஸால் 'சரி' என்று எழுதினேன்.

நீ இந்தப் பக்கம் ஏறி வந்தாய். வெள்ளையைப் பார்க்கவில்லை. முதலில் என் கையிலிருந்த துணியைப் பார்த்தாய். அது துளிச் சிவப்பு இல்லாமல் புதுக் கைக்குட்டை மாதிரி இருந்தது. பிறகு தூணைப் பார்த்தாய். உச்சியிலிருந்து பாதித் தூண் வரைக்கும் ரோஸ் நிறத்தில் மருந்து வழிந்திருந்தது. எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துக் காயவிட்டு, மறுபடியும் சிவப்பை அடித்துவிட்டு, உன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாய்.

அந்தப் பத்து நிமிஷம் போல ஒன்றை நான் பிறகு அனுபவித்ததில்லை, நீ கிடந்த ஆஸ்பத்திரி வாசலில்கூட. கீழே ஓனர் கத்துகிறார். நான் கால் மாற்றி மாற்றி நிற்பதில் சாரமே ஆடுகிறது. "ஸ்வல்ப இரு, கொஞ்ச நேரம் ஆட்டாத" என்று மட்டும் சொன்னாய். நேரம் ஆனதும் துடைத்தாய், வெள்ளை அடித்தாய். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் மெல்ல, ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு வந்தது. அதற்கு நேர் கீழேதான் மணமேடை.

"அவசரத்துல பண்ணியா, தெரிஞ்சே பண்ணியா?"

"அவசரம்டி."

தலையை ஆட்டிக்கொண்டாய். மஞ்சள் வட்டத்தை நீயே போட்டாய். கீழே இறங்கி ஓனரிடம், "தப்பு எங்க டிராயிங்லதான் சார். ஞாயித்துக்கெழம இங்க யாரும் உக்காரக் கூடாது" என்றாய். 'அவ டிராயிங்' என்று உன் வாயில் வரவில்லை. அந்த மனிதர் நம்மைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. கல்யாணம் எங்கோ பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. அந்த வெல்டிங்கை அறுத்தெடுத்தபோது உள்ளே நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. அதை நீ எனக்குக் காட்டவில்லை, நானாகத்தான் போய்ப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நாம் வரைந்ததை நாம் சோதித்ததில்லை. இன்னொரு வழக்கமும் வந்தது. ஒவ்வொரு வெல்டிங்கையும் துடைத்த துணியை ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும் என்றாய். எப்போதும் உன் துணியைத்தான் முதலில் நீட்டுவாய். நான் கூசக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தாய் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்று, "என்னமோ சொல்ல வர, சும்மனே முழுங்கற. சொல்லுடி" என்றாய். நான் பேக்கரிக்காரர் கடைக்குப் பெயிண்ட் அடிக்கிறார் என்று சொன்னேன். அதையும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டாய்.

அவசரம் இல்லை. தெரிந்தேதான் செய்தேன். கோடு வரும் என்று தெரியும், வரக் கூடாது என்றுதான் அடித்தேன். உனக்கும் அது அன்றே தெரியும் என்று இப்போது தோன்றுகிறது. தெரிந்தே என்னோடு ஆறு வருஷம் ஏணி ஏறினாயே.

இன்று துடைத்து முடித்ததும் வழக்கம் போல இடதுபக்கம் திரும்பிக் கையை நீட்டினேன். அங்கே யாரும் இல்லை. துணியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இதோ, இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறேன். நன்றாகச் சிவந்திருக்கிறது. பார்த்துக்கொள்.