பலாலி வீதியில் தொங்கிய படம்

10.03.2024, ஞாயிறு

இடுப்பு ஒடிந்துபோய் வீடு வந்து சேர்ந்தேன். வெருகல் தாண்டிப் போய்த் திரும்ப இரண்டு நாள். சுற்றுலாக் கொம்பனி வானில் பதினொரு கனடாக்காரர். எல்லாரும் எங்கள் ஆட்கள்தான், உரும்பிராயிலும் கோண்டாவிலிலும் பிறந்து ரொறன்ரோவில் தலை நரைத்தவர்கள். வேடர் குடியிருப்பைக் காட்டக் கூட்டிப் போனேன். இறங்கியதும் எல்லார் முகமும் விழுந்துவிட்டது. அங்கே ஆண்கள் காற்சட்டையோடு இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடமும் வில் இல்லை, எல்லாரிடமும் போன் இருந்தது.

"உவையளும் எங்களை மாதிரித்தானே கதைக்கினம்" என்று ஒரு அன்ரி என்னிடம் முறையிட்டா. ஏதோ நான் கலப்படச் சாமானை விற்றுவிட்ட மாதிரி.

வலை பொத்துவதைப் பார்ப்பதென்றால் இங்கே யாழ்ப்பாணம் குருநகரில் என் வீட்டுப் படலைக்கு வெளியே வந்து நின்றால் போதும். ஒருவரும் வருவதில்லை.

முதலாளி குகதாசன் போனில் பிடித்தான். "கனி அண்ணை, அடுத்தமுறை ஏதும் பாக்கிறமாதிரிச் செய்யுங்கோ." செய்வோம். இருபது வருஷமாக வழிகாட்டி வேலை பார்க்கிறேன், இதுகூடத் தெரியாதா.

24.03.2024

குருத்தோலை ஞாயிறு. பூசைக்குப் போகாமல் வெருகலுக்குப் போனதற்கு மனைவி மக்டலீன் இன்னும் முகம் தரவில்லை.

இந்த முறை முன்கூட்டியே சொல்லி வைத்தேன். ஆண்கள் சேட்டைக் கழற்றினார்கள். காலையில்தான் வெட்டிய தடியில் நைலோன் கயிறு கட்டி வில் என்று பிடித்தார்கள். அவர்களுக்கு அது பெரிய பகிடி. "கூத்துக்கு வேஷம் கட்டுற மாதிரித்தானே அண்ணன்" என்றாள் சின்னத்தங்கம். எங்களைப் போல 'அண்ணை' என்று வராது, 'அண்ணன்' என்றுதான் கூப்பிடுவாள். புருஷன் இல்லை. களப்பில் இறால் தடவிப் பிள்ளைகளை வளர்க்கிறாள்.

மூத்தவள் பிரதீபா ஜனவரியில் ஏ.எல். பரீட்சை எழுதியிருக்கிறாள். விளம்பரத்துக்கென்று குகதாசன் கேட்ட படத்துக்கு அவளைத்தான் நிறுத்தினேன். தலைமுடியை அவிழ்த்துவிடச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். விறகு கொத்துகிற கோடாலியைத் தோளில் வைத்தேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாலைந்து தரம் அதட்டித்தான் நிறுத்தினேன்.

"எங்க மாமா போடுவீங்க இத?" என்று கேட்டாள். வெளிநாட்டுக்குப் போகிற புத்தகத்தில் மட்டும் என்றேன். அப்படித்தான் குகதாசன் எனக்குச் சொன்னான்.

03.04.2024

படத்துக்கு இரண்டு வரி எழுதித் தரச் சொன்னான். மூன்று நாள் யோசித்து எழுதிக் கொடுத்தேன். 'காட்டின் கடைசி மகள். மறையுமுன் வந்து பாருங்கள்.' குகதாசன் கைகொடுத்தான். மக்டலீனுக்கு வாசித்துக் காட்டினேன். "அவள் எங்கை மறையிறாள்?" என்று கேட்டுவிட்டு மீன் வெட்டப் போய்விட்டாள். ரசனை இல்லாத மனுஷி.

02.05.2024

பலாலி வீதியில், திருநெல்வேலிச் சந்தைக்குக் கொஞ்சம் வடக்கே, பத்தடி உயரத்தில் அந்தப் படம் தொங்குகிறது. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. புத்தகத்துக்கு மட்டும் என்றல்லவா கதை? கோபம் வரவேண்டும். வந்ததும்தான். ஆனால் பஸ் தரிப்பில் நின்ற ஒருவர் என் இரண்டு வரியையும் சத்தமாக வாசித்தபோது ஒரு சந்தோஷமும் வந்தது. உள்ளதை எழுதத்தானே இந்தக் கொப்பி.

01.06.2024

சின்னத்தங்கம் போன் எடுத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று விளங்கவில்லை. பிள்ளைக்கு இரண்டு ஏ, ஒரு பி. அவர்களுடைய குடியிருப்பில் கம்பஸ் வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள். புவியியல் படித்து ரீச்சராக வரவேண்டுமாம். எனக்கே கண் கலங்கிவிட்டது.

19.11.2024

பிள்ளைக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது!

"யாழ்ப்பாணத்தில உங்கள விட்டா எனக்கு ஆரத் தெரியும் அண்ணன்?" என்றாள் சின்னத்தங்கம். நான் இருக்கிறேன், யோசிக்காதே, இடம் பார்த்துத் தாறன் என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

போனை வைத்த பிறகுதான் அந்தப் படம் ஞாபகம் வந்தது. கம்பஸிலிருந்து நடந்து போகிற தூரம். பரவாயில்லை, மழையில் வெளிறிப்போய்க் கிடக்கிறது. அவள் வருவதற்குள் கிழிந்துவிடும்.

17.05.2025

கிழியவில்லை. போன மாதம்தான் குகதாசன் புதிதாக அடித்துத் தொங்கவிட்டிருக்கிறான். போன வருஷத்தையும் விடப் பெரிது.

இன்று பஸ் நிலையத்துக்குப் போய்ப் பிரதீபாவைக் கூட்டிவந்தேன். ஒரு சூட்கேஸ், ஒரு தலையணை, தாய் கொடுத்துவிட்ட கருவாட்டுப் பொதி. ஆட்டோக்காரனைப் பலாலி வீதியால் போகாமல் ஆடியபாதம் வீதியால் விடச் சொன்னேன். சுற்று என்று முணுமுணுத்தான். விடு என்றேன்.

அறை, ஜெயகௌரி அக்கா வீட்டில். ஏற்கெனவே நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள். துப்புரவான மனுஷி, விடியமுன் எழும்பித் தேவாரம் பாடுகிறவ. எந்தப் பக்கத்துப் பிள்ளை, ஆர் ஆக்கள் என்று கேட்டா. மூதூர்ப் பக்கம், தகப்பன் இல்லை என்றேன். இரண்டும் உண்மை. மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதைச் சொல்லவில்லை.

25.05.2025

குகதாசனிடம் போனேன். படத்தைக் கழற்றச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பிள்ளை இங்கே படிக்க வந்திருக்கிறது, கூட இருக்கிற பிள்ளைகள் கண்டால் என்ன நினைப்பார்கள் என்றேன். இப்பதானே அடித்தது, ஆடி ஆவணியில் வெளிநாட்டுச் சனம் முழுக்க வரும், அதற்குப் பிறகு பார்ப்போம் என்றான்.

"உது அவளுக்குப் பெருமைதானே அண்ணை. உங்கடை மகள் எண்டா நீங்கள் ஆசைப்படமாட்டியளே?"

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? எனக்கு மகள் இருந்து, கோடாலியோடு நிறுத்தி, 'மறையுமுன் வந்து பாருங்கள்' என்று எழுதினால்... சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் வேறு எங்கே வேலை தேடுவது?

14.06.2025

இன்னும் தொங்குகிறது. நான் இப்போது கொக்குவிலால் சுற்றித்தான் போகிறேன்.

09.07.2025

ஜெயகௌரி அக்கா போன் எடுத்தா. கூட இருக்கிற பிள்ளைகள் அந்தப் பதாகையைப் போனில் படம் பிடித்து வந்து, பிரதீபாவின் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்களாம். இப்போது வீட்டில் அவளுடைய பெயர் 'கடைசி'. கடைசி குளிச்சிட்டாளா, கடைசி சாப்பிட்டாளா. பகிடிதானாம், பிள்ளைகள்தானே.

அக்காவின் குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் திருப்பி ஏதும் சொல்லியிருப்பேன். "முதலே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தம்பி" என்றா. பிள்ளைக்கென்று ஒரு செம்பும் கோப்பையும் தனியாக வாங்கி வைத்திருக்கிறாவாம், அதில் குறை ஒன்றுமில்லையாம்.

செம்பும் கோப்பையும். கடவுளே.

12.07.2025, சனி

பிரதீபா வீட்டுக்கு வந்தாள். இரண்டு பக்கற் பிஸ்கற் வாங்கிவந்து மக்டலீன் கையில் கொடுத்தாள். மெலிந்துவிட்டாள். அறையில் நடப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணீர் ஆறும்வரை கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"படத்துக்கு நான்தானே நிண்டன் மாமா, அதுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. அந்த எழுத்துத்தான். அது ஆரு எழுதின?"

நான் என்ன சொன்னேன்? எழுது, கனிசியஸ், எழுது. "கொம்பனியிலை ஒராள்" என்று சொன்னேன்.

தலையாட்டினாள். "கடைசி எண்டு போட்டிருக்கு. எனக்குப் பிறகு தம்பிமார் ரெண்டு பேர் இருக்கிறாங்களே மாமா."

அவ்வளவுதான் கேட்டாள். படலைவரை கொண்டுபோய் விட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகுது என்று வேகமாக நடந்தாள். கூப்பிட்டிருக்கலாம். அந்த ஒழுங்கை ஒன்றும் அவ்வளவு நீளமில்லை, கூப்பிட்டால் கேட்டிருக்கும்.

13.07.2025

மக்டலீன் நேற்றிலிருந்து கதைக்கவில்லை. பூசையால் வந்து செருப்பைக் கழற்றும்போது மட்டும் சொன்னாள்: "அது உங்கடை எழுத்தெண்டு அவளுக்குத் தெரியுமப்பா. தெரிஞ்சுதான் கேட்டவள். நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தவள்."

24.07.2025

நாளை யாகப்பர் திருநாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம், பொறாமை, பூசை தவறவிட்டது எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். இதைச் சொல்ல வாய் வரவில்லை. பாதர் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அந்தச் சில்லறைகளுக்கு அது போதும்.

31.07.2025

போய்விட்டாள்.

நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் போனாளாம். ஜெயகௌரி அக்கா கூப்பிட்டுத்தான் தெரியும். அறைக்குப் போனேன். கட்டில் விரிப்பு மடித்தபடி, புத்தகங்கள் சுவர்க்கரையில் அடுக்கியபடி. தாய்க்குச் சுகமில்லை என்று சொல்லியிருக்கிறாள். உடனே சின்னத்தங்கத்துக்கு எடுத்தேன். அவள் சுகமாகத்தான் இருக்கிறாள். பிள்ளை வந்து சேர்ந்துவிட்டது, படுத்திருக்கிறது, எழும்பினால் எடுக்கச் சொல்கிறேன் என்றாள்.

எடுக்கவில்லை.

01.08.2025

காலையில் வீட்டுக் கத்தியை எடுத்து, பக்கத்து வீட்டு டினேஸிடம் ஏணியும் வாங்கிக்கொண்டு பலாலி வீதிக்குப் போனேன். பட்டப்பகல், சந்தைச் சனம். நாலு மூலையையும் அறுத்தேன். சரிந்து விழுந்தது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பழக்கடைக்காரர் தன் பெட்டிகளை மூட அதைத் தரமுடியுமா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிச் சுருட்டிக்கொண்டு வந்து குசினிக்குப் பின்னால் எரித்தேன். கறுப்புப் புகை. மக்டலீன் யன்னலைச் சாத்தினாள்.

பதினைந்து நிமிஷ வேலை. மே மாதத்திலிருந்து என்னால் செய்ய ஏலாமல் போன வேலை பதினைந்தே நிமிஷம்.

04.08.2025

குகதாசன் காற்றுக்குக் கிழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தான். நான்தான் அறுத்தேன் என்றேன். சரி விடுங்கோ, அடுத்ததற்கு யானைப் படம் போடுவோம் என்றான். வேலையால் நிற்பாட்டுவான் என்று நினைத்துக்கொண்டு போனேன். இவனை எதிர்க்கத்தான் இத்தனை நாள் பயந்தேனா?

05.10.2025, ஞாயிறு

நோர்வேயிலிருந்து வந்த எட்டுப் பேரோடு வெருகல். போகமாட்டேன் என்று சொல்லத்தான் இருந்தேன். பிரதீபாவைக் கண்டு, அந்த எழுத்து என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வான் போய்ச் சேரும்வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் அங்கே இல்லை. கொழும்புப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் ஒரு மாதமாகிறதாம். பொங்கலுக்குத்தான் வருவாளாம்.

வந்தவர்களை மரத்தடியில் இருத்திவிட்டு, சின்னத்தங்கம் என்னை வீட்டுக்குள்ளே கூப்பிட்டாள். என்னை நேரே பார்க்கவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்கட முகத்தப் பார்க்க எனக்கு வெக்கமா இருக்கு அண்ணன். இடம் பார்த்து, கொண்டுபோய் விட்டு, எவ்வளவு செய்தீங்க. மாமா என்னை நல்லாத்தான் பார்த்தவர், எனக்குத்தான் படிப்பில மனமில்ல எண்டு பிள்ளை சொல்லிற்று. மன்னிச்சுக்கொள்ளுங்க."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் பாய் விரித்து, கோப்பையில் சோறு போட்டு, எனக்கென்று காலையிலேயே பிடித்து வைத்த இறாலை அள்ளி வைத்தாள். சாப்பிடுங்க அண்ணன், பசியோட வந்திருப்பீங்க என்றாள்.

இருந்து சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டாள். ஓம் என்றேன்.