விற்ற கருவாட்டுக்கு வாடகை

வெள்ளிக்கிழமை. இரவு இஷா தொழுதுவிட்டு எழுதுகிறேன்.

மகள் பஸ்லியா கற்பிட்டிக் கருவாட்டு வியாபாரிகளுக்காக இணையத்தில் ஒரு தேடல் பக்கம் நடத்துகிறாள். யாரிடம் என்ன கருவாடு இருக்கிறது என்று அதில் தேடலாம். எல்லாம் வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த கணினிகளில் கிடக்கிறது. நான் மதியம் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தபோது அவள் சோறும் தின்னாமல் இருந்தாள்.

"வாப்பா, டிஸ்க் நெரம்பிட்டு. இனிப் புது விளம்பரம் ஒன்டும் ஏறாது. பெருசு எடுத்தா பில் ரெண்டு மடங்கு. கட்ட ஏலாது. பக்கத்த மூடத்தான் வேணும்."

எனக்கு டிஸ்க் தெரியாது. ஆனால் ஆறு மாதமாக எழுத்து வகுப்புக்குப் போவதால் இப்போது வாசிக்கத் தெரியும். திரையில் இருந்ததை விரல் வைத்துச் சத்தமாக வாசித்தேன். 'குறிஞ்சிப்பிட்டி. கட்டாக் கருவாடு. நோன்புக்கு முன் விற்பனை.'

"எந்த நோன்பு மகள்? நோன்பு முடிஞ்சி ஹஜ்ஜுப் பெருநாளும் போய்ட்டே. வித்த கருவாட்ட வாடிக் கொட்டிலுக்குள்ள வெச்சி யாரும் வாடகை கட்டுவாங்களா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். விற்று முடிந்ததை நீக்க ஏற்பாடு செய்யவே மறந்திருக்கிறாள். இரண்டு வருஷத்து விளம்பரங்களும் படங்களும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நகலோடு, அப்படியே கிடந்தன. அவற்றைக் கழித்ததும் டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. பில்லும் ஏறாது, பக்கத்தையும் மூட வேண்டாம்.

"புதுசு ஏறுதா என்டு பாக்கணும். நீங்களே ஒன்ட எழுதுங்க வாப்பா."

'காசிம். சீலாக் கருவாடு. பத்துக் கிலோ.' விசைகளில் எழுத்தைத் தேடித் தேடி அழுத்தக் கால் மணி நேரம் பிடித்தது. பிறகு தேடும் இடத்தில் என் பெயரைப் போட்டேன். என் விளம்பரம் வந்தது.

இதுவரை பதினொரு தடவை தேடிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நான் வருகிறேன்.