காவேரியின் கல்லை நான் சரிசெய்த கதை

மார்ச் 3, செவ்வாய்
அடையாறில் ஒரு சமையல் மேடை முடிந்தது. வீட்டுக்காரம்மா தடவிப் பார்த்து, "கிரானைட்டுல ஒரு விரிசல்கூட இல்லையே!" என்றார். இருந்தது, மூன்று. பிசின் ஊற்றிக் கறுப்புப் பொடி தூவி மெருகேற்றினால் எமனுக்கும் தெரியாது. பத்தாவதில் கோட்டைவிட்டவனுக்கு இதாவது வருகிறதே.

மார்ச் 5
கல்லூரியில் நிலவியல் படிக்கும் மகள் காவேரி, பல்லாவரம் பக்கத்துக் குவாரிக் கல் ஒன்றை மேசைமேல் வைத்திருக்கிறாள். ஒரு பக்கம் முழுக்க விரிசல். யாரோ பிள்ளையை ஏமாற்றிவிட்டார்கள். நாளை அசத்திவிட வேண்டியதுதான்.

மார்ச் 6
அசத்திவிட்டேன். கண்ணாடி மாதிரி பளபளப்பு.

"இன்னா நைனா பண்ணி வெச்சிகீற?"

"விரிசல அடைச்சேன் கண்ணு."

"அந்த விரிசலுக்குத்தான் ஆறு மாசமா அலைஞ்சேன்! புதன்கிழமை ஒப்படைக்கணும். குவாரியையும் மூடிட்டாங்க. வேற கல்லு கெடைக்காது!"

அழுதாள். என் மனைவி பொன்மணி சும்மா இருப்பாளா? "பொண்ணுக்குப் படிப்பு ஏறலன்னு ஊர்ல அப்பனுங்க அழுவானுங்க. ஏறுன படிப்ப இந்தாளு பிசின் போட்டு அடச்சிட்டான்."

நான் சாப்பிடவில்லை. (பொய். மூன்று தோசை.)

மார்ச் 7
சுரண்டினால் பிசினோடு கல்லும் வருகிறது. என் வேலை இவ்வளவு கெட்டி என்று முதல்முறையாக வருத்தப்பட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு
கூட்டாளி காதரிடம் புலம்பினேன்.

"பிசின் எவ்ளோ ஆழம் போயிருக்கும்?"

"விரல்கடை."

"கல்லு?"

"ஒரு சாண்."

"அப்பால இன்னாத்துக்கு மச்சி அழுவுற? மிச்சம் உள்ள கீது பாரு!"

ஓடிப்போய் மகளிடம் கேட்டேன். "உள்ளயும் விரிசல் போவும். ஆனா உன் மிஷின் அதிர்ந்து புதுசா ஒண்ணு வுழுந்தா, எது பழசு எது புதுசுன்னே தெரியாது நைனா." பக்கத்திலேயே நின்றாள். ஐந்து நிமிட வெட்டுக்கு மூன்று மணி நேரம். தண்ணீர் விட்டு விட்டு, குழந்தைக்கு மொட்டை அடிப்பதுபோல.

மார்ச் 10
கல்லூரியில் அந்தத் துண்டைக் காகிதம்போல மெல்லிசாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் காட்டினாள். படிகத்துக்குள் வரிசையாகக் குட்டிக் குமிழிகள். ஒரு காலத்தில் அது விரிசலாம். சுடுநீர் புகுந்து, படிகம் தானே வளர்ந்து மூடி, அந்த நீரில் கொஞ்சத்தை உள்ளேயே வைத்துக்கொண்டதாம்.

"எப்போ?"

"பல கோடி வருசம் ஆச்சு நைனா."

அதுவும் அடைத்திருக்கிறது, ஆனால் மறைக்கவில்லை. எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. "நம்ம பிசின் நாலு மணி நேரத்துல காஞ்சிடும்" என்றேன். சிரித்துவிட்டாள்! நாலு நாளைக்குப் பிறகு.

மார்ச் 19
"யார் வெட்டினது? புது விரிசல் ஒண்ணுகூட இல்லையே" என்றாராம் பேராசிரியர். "எங்க நைனா" என்றாளாம். பிசின் பற்றி மூச்சு விடவில்லை.

இன்று பட்டறையில் அவள் தோழிகளின் கற்கள் நாலு. ஒவ்வொன்றின் மேலும் காவேரி காகிதம் ஒட்டியிருக்கிறாள்: "நைனா, வெட்டினால் போதும்."

நாலாவது கல்லில் அருமையான விரிசல் ஒன்று இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.