எனக்கு நானே போட்ட கருணை மதிப்பெண்

மார்ச் 4

ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஏழு மாதம். மருத்துவமனையில் நோயாளிகளுக்கு விளக்கம் சொல்ல ஆள் தேவையாம். இன்சுலின் ஊசியை எப்படிப் போட்டுக்கொள்வது, எந்த மாத்திரை எப்போது என்று சொல்லித்தர வேண்டும். விண்ணப்பத்தோடு ஒரு சுயமதிப்பீட்டுத் தாள். மகனிடம் காட்டினேன்.

"அறுபது வயசுல என்னம்மா புது வேலை? பேசாம வீட்ல இரும்மா."

பேசாமலா? முப்பத்திநாலு வருஷம் பேசிப் பேசியே சம்பளம் வாங்கினவகிட்ட!

மார்ச் 5

'உங்கள் பலம்' என்ற கட்டத்தில் 'பொறுமை' என்று எழுதி, அடித்துவிட்டேன். பிள்ளைகள் இப்படி எழுதினால் ஓரத்தில் 'உதாரணம்?' என்று கேட்பேனே. எனக்கு மட்டும் சலுகையா?

சரி, உதாரணம். மின்சுற்றுப் பாடம் நாலு முறை நடத்தியும் ஒரு பெண்ணுக்குப் புரியவில்லை. "எந்த இடத்துல குழம்புது, விரல் வச்சுக் காட்டு" என்றேன். காட்டினாள். அங்கிருந்து தொடங்கினேன். இது வெறும் பொறுமை இல்லை, தடுக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது. அதையே எழுதினேன். பத்துக்கு ஒன்பது.

மார்ச் 6

கணினி — பத்துக்கு நான்கு.

மார்ச் 9

அந்த நான்கு உறுத்துகிறது. உண்மையில் இரண்டுதான். முப்பத்திமூன்று வாங்கியவனை முப்பத்தைந்தாக்கிப் பழகிய கை, எனக்கும் கருணை போட்டிருக்கிறது! நோயாளியின் பதிவைத் திறக்கத் தெரியாத நான் தேறிவிட்டால் யாருக்கு நஷ்டம்? ஊசி போட்டுக்கொள்பவருக்கு.

அடித்து, 2. பக்கத்தில்: 'கணினி வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஆறு வாரம்.'

மகன் தலையில் அடித்துக்கொண்டான். "வேலைக்கு அப்ளை பண்றப்போ யாராவது தன்னைத்தானே ஃபெயில் போட்டுப்பாங்களா?"

"நான் போடுவேன். திருத்துறதுதான்டா என் தொழிலே."

மார்ச் 17

வகுப்பில் என் இரண்டு விரல்கள் வேலை செய்கின்றன. மற்ற எட்டும் வேடிக்கை பார்க்கின்றன.

ஏப்ரல் 2

நேர்காணல். தலைமை நர்ஸ் தாளைத் தூக்கிக் காட்டினார். "எல்லாரும் ஒன்பது, பத்துன்னு போட்டிருக்காங்க. நீங்க ஏன் டீச்சர் ரெண்டு?"

"அன்னைக்கு அவ்வளவுதான் தெரியும். இன்னைக்கு நாலு."

அவர் அதையும் தாளில் குறித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த நிர்வாக அதிகாரி இழுத்தார். "இந்த வயசுல நாள் பூரா நின்னுகிட்டு…"

"இத்தனை வருஷமா நின்னுகிட்டுதான் சார் இருந்தேன். உட்கார்றதுதான் எனக்குப் பழக்கமில்லை."

வாய் கொஞ்சம் நீண்டுவிட்டதோ? நீளட்டும்.

ஏப்ரல் 11

பதில் இல்லை. "அப்பவே சொன்னேன்ல" என்று மகன் சொல்லவில்லை. முகம் சொன்னது. வேலை வராவிட்டாலும் வகுப்பை நிறுத்துவதாக இல்லை.

ஏப்ரல் 28

வேலை கிடைத்து, மருத்துவமனையில் என் முதல் வாரம். காலையில் முதல் ஆள் ஒரு லாரி ஓட்டுநர். ஊசி போடும் முறையைச் செய்துகாட்டியதும், "எல்லாம் புரிஞ்சிருச்சும்மா" என்று எழுந்தார்.

"உட்காருங்க. இப்ப நீங்க எனக்குச் சொல்லிக்குடுங்க."

ஊசி முனையை மூடியிருக்கும் சின்ன உள்மூடியைக் கழற்றாமலே பயிற்சிப் பஞ்சில் அழுத்தினார். வீட்டிலும் ஒரு மாதமாக இப்படித்தானாம். மருந்து ஒரு சொட்டுகூட உள்ளே போயிருக்காது. மூன்றாவது முறை சரியாகப் போட்டார். கதவருகே போய்த் திரும்பினார்.

"சந்தேகம்னா நாளைக்கு வரலாமாம்மா? நீங்க இருப்பீங்களா?"

"இருப்பேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் தினமும் இருப்பேன். திங்கட்கிழமை திரும்பவும்."