பதினேழாம் எண்

10 ஜூலை 2006, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. செங்கல்பட்டில் ஏறியது முதல் திருக்கழுக்குன்றம் வரை நின்றுகொண்டே பயணம். அங்கே பாதி பஸ் இறங்கியது, உட்கார்ந்தேன்.

வேலை: பட்டியல் பிரிண்ட், இரண்டு பிரதி. பசை. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை. செருப்பு வார்.

பட்டியல் ஒருவழியாக முடிந்தது. இரண்டு மாதம் நானும் பாஸ்கர் அண்ணனும் குப்பத்தில் வீடு வீடாக ஏறி இறங்கியது. கடல் உள்ளே வந்துபோனதிலிருந்து கிணறெல்லாம் உப்பு. எந்த வீடு எந்தக் கிணற்றுத் தண்ணீர், உப்பு எவ்வளவு, வீட்டில் யாருக்கு என்ன நோய். நாற்பத்தொரு வீடு. பா. அண்ணன் அந்த ஊர்க்காரர், அதனால் யாரும் விரட்டவில்லை.

எங்கள் தொண்டு நிறுவன டைரக்டர் (இனி டை.) சொல்வது: "மக்கள்கிட்ட வாங்கினதை மக்களுக்கே கொடுக்கணும். பீரோவுல வெச்சுப் பூட்டவா எடுத்தோம்?" சரிதான். எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள், ஒருவராவது திரும்பி வந்து காகிதத்தைக் காட்டியதுண்டா? பெயரை எடுத்துவிட்டு எண் போடச் சொன்னார். 1 முதல் 41 வரை போட்டேன். ஸ்டெல்லா ஜாக்கிரதையான ஆள் என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை.

மதியம் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியாயிற்று. சி.டி. மூன்று: தாலுகா ஆபீஸ், ஒரு கல்லூரி, ஒரு பத்திரிகைக்காரர். 'யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்' என்று மேலே அடித்தது நான்.

செருப்பு வார் மறந்தாயிற்று.

12 ஜூலை, புதன்

தண்ணீர் லாரி வந்துவிட்டது! ஒன்றரை வருடமாக மனு மேல் மனு, அசையவில்லை. பட்டியல் போன இரண்டாம் நாள் லாரி. பா. அண்ணன் போனில் கத்தினார்: "சிஸ்டர், லாரி வந்துகினு கீது! ஆபீசர் கையில நம்ம பேப்பரு! கோயிலாண்ட கிணறு ஆவாதுன்னு அவரே படிச்சி சொல்றாரு!"

டை. எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கினார். நான் நான்கு தின்றேன். வயிறு சரியில்லை, ஆனாலும் சந்தோஷம்.

13 ஜூலை, வியாழன்

காலையில் பா. அண்ணன் போன். "பேஜாராய்ட்ச்சு சிஸ்டர், கொஞ்சம் வாங்க."

ரேஷன் கடை எதிரில் கஸ்தூரி அக்கா. தலைச்சுமையாக மீன் விற்பவர். கூடை நிறைய மீன், மேலே ஈரத் துணி. பத்து மணிக்கெல்லாம் காலியாகிவிடும் கூடை.

"பேர் போட மாட்டேன்னு சொன்னியே இன்னாம்மா?"

"போடலையே அக்கா. வெறும் நம்பர்தான்."

"நீயும் பாஸ்கரும் அம்மன் கோயிலாண்ட ஆரம்பிச்சு, வரிசையா ஒவ்வொரு வூடா எழுதிகினு வந்தீங்க. ஊரே பார்த்துகினு தான இருந்துச்சு? கோயிலாண்டேர்ந்து எண்ணிப் பாரு. பதினேழு என் வூடு."

எண்ணிக்கொண்டே நடந்தேன். பதினாறு, நீலக் கதவு. பதினேழு, கஸ்தூரி அக்கா வீடு. பதினேழாம் எண்ணுக்கு நேரே: டி.பி. ஆம்.

எவ்வளவு பெரிய முட்டாள் நான்! பெயரை எடுத்தேன், வரிசையை எடுக்கவில்லை.

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்துவிட்டாராம். போன தீபாவளிக்கு முன்பே சளி டெஸ்ட்டில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அது பட்டியலில் இல்லை. நாங்கள் கேட்டது 'மாத்திரை சாப்பிட்டது உண்டா' என்று மட்டும். முடித்தாயா, குணமா என்று கேட்கவில்லை. படிவம் தயாரித்தது நான்.

"ரெண்டு நாளா கூடையை எறக்குன்னு சொல்ல ஆளில்ல. டீச்சரம்மா வூட்ல பத்து வருசமா குடுக்கிறேன். கதவு தெறக்கல."

என்ன பதில் சொன்னேன்? நினைவில்லை. மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

14 ஜூலை, வெள்ளி

தலைவலி. டை. முதலில் நம்பவில்லை, பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கல்லூரிக்குப் போன் போட்டார். சி.டி.யை மாணவர்கள் எல்லோரும் காப்பி எடுத்தாயிற்றாம். நல்ல விவரம் சார், ரொம்ப நன்றி என்றார்களாம்.

எண்களைக் கலைத்துப் போட்டால்? அரை மணியில் செய்தேன். ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு பார்த்தால், ஒவ்வொரு எண்ணுக்கு எதிரிலும் கிணற்றின் பெயர். கடலோரக் கிணற்றில் தண்ணீர் எடுப்பதே மூன்று வீடு. எண்ணைக் கலைத்து என்ன பயன்?

நோயை மொத்தமாக எடுத்துவிடலாம் என்றேன். டை.: "உப்பும் நோயும் பக்கத்துல பக்கத்துல இருந்ததாலதான் லாரியே வந்தது. எடுத்துட்டு, அவங்க லாரியை நிறுத்திட்டா?"

அரிப்பு, கல்லடைப்பு, சரி, தண்ணீரோடு சேர்ந்தவை. டி.பி.க்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்? எதற்குக் கேட்டேன்? தாளில் இடம் இருந்தது, கேட்டுவிட்டேன். வேறு காரணம் யோசித்து யோசித்துப் பார்த்தும் கிடைக்கவில்லை.

16 ஜூலை, ஞாயிறு

மாதா கோயிலில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. ஒட்டினது தப்பா? ஒட்டாமல் இருந்திருந்தால் லாரி ஏது. லாரி வந்தது சரி, அதற்குக் கஸ்தூரி அக்கா ஏன் பட வேண்டும்.

மதியம் கோழிக் குழம்பு. தூங்கிவிட்டேன்.

17 ஜூலை, திங்கள்

வலை பின்னும் கொட்டகையில் கூட்டம். பெண்கள்தான் அதிகம். டை.யும் வந்தார். தப்பு எங்களுடையது என்று நான் சொன்னேன்.

முடிவானவை:
கிணறு, உப்பு: இடப் பெயரோடு ஒட்டுவது.
அரிப்பு, கல்லடைப்பு: ஊருக்கு மொத்தம் எத்தனை பேர் என்று மட்டும்.
டி.பி.: அடியோடு நீக்கம். சி.டி. போன மூன்று இடத்துக்கும் கடிதம்.
இனி எதை ஒட்டினாலும், யாருக்குக் கொடுத்தாலும், முதலில் இங்கே உரக்கப் படிப்பது. வேண்டாம் என்று ஒருத்தி சொன்னாலும் அது வெளியே போகாது.

எல்லோரும் தலையாட்டினார்கள். கஸ்தூரி அக்கா மட்டும் எழுந்து நின்றார். "சொவுத்துலேர்ந்து எடுத்துடுவ. படிச்சவங்க மண்டைலேர்ந்து எடுப்பியா? எனக்கு சரியாய்ட்ச்சுன்னு பெருசா எழுதி ஒட்டு. என் பேரைப் போட்டே ஒட்டு!"

நியாயம்தானே. எழுதலாம் என்று வாயெடுத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் வந்து என் காதோடு சொன்னாள்: "அக்காவுக்கு மட்டும் சரியாய்ட்ச்சுன்னு போட்டா, பட்டியல்ல டி.பி.ன்னு இருந்த மீதி மூணு வூட்டுக்கும் இன்னும் கீதுன்னு ஆயிடும். எங்க வூடும் அதுல ஒண்ணு. என் வூட்டுக்காரரு இன்னும் மாத்திரை சாப்பிட்டுகினு கீறாரு."

ஒருத்திக்குச் சொன்னால் மூன்று பேர் மாட்டுவார்கள். சொல்லாவிட்டால் ஒருத்தி. இதை எந்தக் கட்டத்தில் போடுவது? கஸ்தூரி அக்காவிடம் ஒட்ட முடியாது என்றேன். காறித் துப்பிவிட்டுப் போனார். என்மேல் இல்லை, மண்ணில்தான்.

19 ஜூலை, புதன்

மேகமூட்டம். புழுக்கம். பா. அண்ணன் பழைய தாளைச் சுரண்டி எடுத்தார், புதியதை ஒட்டினேன். லாரி வந்து நின்றது. அதில் ஒரு குறையும் இல்லை.

கஸ்தூரி அக்கா கூடையோடு வந்தார். "எழுத மாட்டே. சரி, வாயால சொல்லு. என்கூட வா." மறுக்க எனக்கு முகம் ஏது? ஊரின் பழைய கோட்டை மதிலோரமாக நடந்து டீச்சரம்மா வீடு. அக்கா குரல் கொடுத்தார். டீச்சரம்மா பாதிக் கதவுக்குப் பின்னால் நின்றார். கெட்டவர் இல்லை. உள்ளே கைக்குழந்தை அழுதது, பேரனாம்.

சொன்னேன். ஆறு மாதம் முழுதாக மாத்திரை, டெஸ்ட்டில் ஒன்றுமில்லை, முழுக்கக் குணம், மீனால் எதுவும் வராது. படித்தது, கேட்டது எல்லாம் சொன்னேன். டீச்சரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க படிச்ச பொண்ணு, சொல்றீங்க. ஆனா பயமா இருக்கேம்மா. உங்க வீட்ல யாருக்காவது வந்து, சரியாகி, பார்த்திருக்கீங்களா?"

கஸ்தூரி அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

தொண்ணூற்றேழில் அப்பாவுக்கு. நான் ப்ளஸ் டூ. மாத்திரைப் பட்டை புடவை அடுக்குக்குப் பின்னால். தெருவில் வீசிங் என்று சொல்லி வைத்திருந்தோம். ஒரே தட்டில் சாப்பிட்டோம், ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. இன்றைக்கும் சைக்கிள் மிதித்துத்தான் வேலைக்குப் போகிறார்.

"இல்லைங்க. எங்க வீட்ல யாருக்கும் வந்ததில்லை."

டீச்சரம்மா தலையை ஆட்டினார். "அடுத்த வாரம் பார்க்கலாம் கஸ்தூரி." கதவு சாத்திக்கொண்டது.

அக்கா சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தார். "தூக்கி வுடும்மா."

தூக்கிவிட்டேன். நல்ல கனம். ஒரு மீன்கூட குறையவில்லை.