வன்தட்டில் கிடந்த சைரன்

ஒக்டோபர் 13, திங்கள்

மப்பு. வானம் மூடிக்கிடக்கிறது, காற்றே இல்லை. மதுரங்குளியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அபாயா முதுகில் ஒட்டிவிட்டது.

பண்ணையில் இன்று கமரா பூட்டும் நாள். சிலாபத்திலிருந்து ஒருவன் வந்து தூண் தூணாக ஏறினான். கேற்றிலும் களஞ்சியத்திலும் இருந்தவை போதாதாம். இனி ஒவ்வொரு இறால் குளத்துக்கும் ஒன்று, மடைக்கு ஒன்று, வேலையாட்கள் சோறு தின்னும் கொட்டிலுக்கும் ஒன்று. சாப்பாட்டுப் பெட்டியில் இறால் வெளியே போகிறதென்று முதலாளி ஹாஜியாரின் காதில் யாரோ ஓதிவிட்டார்கள். கண்டல் மரங்களை வெட்டிக் குளம் தோண்டி, அழுக்குத் தண்ணீரைக் களப்புக்கே திருப்பி விடுகிற முதலாளி களவைப் பற்றிப் பேசுகிறார்.

எல்லாக் கமராவும் அலுவலகத்தில் என் மேசைக்குக் கீழே இருக்கும் அதே பழைய கணினிக்குத்தான். ஒட்சிசன் சைரனும் அதில்தான். குளங்களில் தொங்கும் உணரிகள் தண்ணீரில் எவ்வளவு ஒட்சிசன் என்று கணினிக்குச் சொல்லும். குறைந்தால் சைரன். சைரன் கேட்டதும் குளங்களைப் பார்க்கும் செல்வம் அண்ணன் ஓடிப்போய்ச் சில்லுகளைப் போடுவார். சில்லு தண்ணீரை அடிக்க, காற்றுக் கலக்கும், இறால் பிழைக்கும். சைரன் அடிக்காமல் பகலில் சில்லுப் போடக்கூடாது. கரண்ட் பில். ஹாஜியாரின் கட்டளை, சுவரில் ஒட்டியிருக்கிறது.

அக்ரம் நானாவிடம் கேட்டேன். ஹாஜியாரின் மகன், மனேஜர். கதிரையில் சுற்றுவதுதான் வேலை.

"நானா, இந்த மெசின்ல மெமரி குறைய. இத்தன கமரா தாங்குமா?"

"ஓடுதுதானே?"

"ஓடும். ஆனா..."

"ஓடினாச் சரி. நீங்க எல்லாத்துக்கும் பயம் ரிஸ்னா."

பரீட்சை வருகிறது. கணினிப் பணிசெயல் முறைமைப் பாடம். நினைவக முகாமைத்துவம் இன்னும் தொடவில்லை. நாளைக்குத் தொடங்க வேண்டும். நாளைக்கு நாளைக்கு என்று எத்தனை பக்கத்தில் எழுதியிருக்கிறேன்!

ஒக். 14, செவ்வாய்

அதே மப்பு. பெய்து தொலைக்கவும் மாட்டேன் என்கிறது.

சுட்டியை நகர்த்தினால் அம்பு யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் வன்தட்டின் சிவப்பு விளக்கு சிமிட்ட வேண்டியது. இன்று அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது.

நினைவகத்தில் இப்போது யார் யார்:
- கமரா. பெரும்பங்கு. ஒரு கணமும் ஓயாது.
- கணக்கு மென்பொருள்.
- அக்ரம் நானாவின் கிரிக்கெட். கூடவே மூடாமல் விட்ட பக்கங்கள்: வேன் விற்பனை, இன்னொரு வேன் விற்பனை, ஆலங்குடாவில் பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள்.
- ஒட்சிசன் நிரல். ஆகச் சின்னது. இடைக்கிடை எழும்பும், குளங்களைக் கேட்கும், திரும்பப் படுக்கும்.

மதியச் சாப்பாட்டோடு பாடப் புத்தகம். நினைவகத்தைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். நிரல்களையும் அதே அளவுப் பக்கங்களாக வெட்டி அங்கே வைக்கிறார்கள். இடம் முடிந்துபோனால் ஒரு பக்கத்தைத் தூக்கி வன்தட்டில் போட்டுவிட்டு, கேட்பவனுக்கு அந்த இடம். எதைத் தூக்குவது? நெடுநேரம் யாரும் தொடாததை. தூக்கிய பக்கம் மறுபடி தேவைப்பட்டால் பக்க வழு. நிரலை நிறுத்து, வன்தட்டில் தேடு, கொண்டுவா, பிறகு ஓடவிடு. வன்தட்டு மாட்டு வண்டி. அந்த வண்டியில் ஏற்கெனவே கமராப் படம் மலையாக ஏறிக்கிடக்கிறது.

இதை வாசித்ததும் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தேன். நெடுநேரம் யாரும் தொடாதது எங்கள் கணினியில் எது? ஒட்சிசன் நிரல்தான். சைரன் வன்தட்டில் கிடக்கிறது.

சோதித்தேன். எச்சரிக்கை எல்லையை உயர்த்தி, இப்போதுள்ள ஒட்சிசனே குறைவு என்று கணினியை நம்பவைத்தேன். உடனே அலற வேண்டும். அலறவில்லை. பிளேன்டி ஊற்றிக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்த பிறகுதான் அலறியது. செல்வம் அண்ணன் வெறுங்காலோடு ஓடினார்.

"சும்மா சோதிச்சுப் பாத்த, அண்ணன்!" என்று கத்தினேன்.

இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார். "இறாலுக்கு முதல் எனக்கு மூச்சு நிண்டுடும் போல கிடக்கு தங்கச்சி."

உடப்பு ஊர்க்காரர். சைக்கிளில் வருகிறார், சைக்கிளில் போகிறார். இரண்டு பிள்ளைகள். இறாலின் விலை என்ன என்று கேட்டால், "நான் வளக்கிற ஆள், தின்னுற ஆள் இல்ல" என்பார்.

அக்ரம் நானாவிடம் போனேன். சைரன் பிந்துகிறது, மெமரி போட வேண்டும், விரல் நீளச் சாமான், அவ்வளவுதான்.

"அறுவட முடியட்டும். புதுசே வாங்குவம்."

"அதுக்குள்ள ஒண்டு நடந்தா?"

"அல்லாட காவல். மறுகா, செல்வத்துக்கிட்ட இதச் சொல்லிராதீங்க. அதச் சாட்டிப் பகல் முழுக்கச் சில்லப் போட்டு கரண்ட எரிப்பான்."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஒக். 15, புதன்

கொஞ்சம் வெயில். எனக்கே மூச்சு வந்த மாதிரி.

ஒரு நிரலின் பக்கங்களைத் தூக்கவே கூடாது என்று முறைமைக்குக் கட்டளை போடலாம். ஒட்சிசன் நிரலுக்கு அதைச் செய்தால் போதும். செய்ய நிர்வாகிக் கடவுச்சொல் வேண்டும். அது சிலாபத்துக் கமராக்காரனிடம். கமராவை மூடுவதற்கும் அவனிடம்தான் கேட்க வேண்டும். போன் எடுத்தேன்; தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டுச் சொன்னான்: "நங்கி, சேர் சொன்னாத்தான் தர ஏலும்." சேர் என்றால் அக்ரம் நானா; அவர் அறுவடை முடியட்டும் என்கிறார். என் மேசை, என் கணினி, சாவி மட்டும் வேறு ஊரில்.

கிரிக்கெட் பக்கத்தை மூடினேன். அக்ரம் நானா திரும்ப வந்து திறந்தார்.

பஸ்ஸில் பின்சீட்டில் ஒருவர், எனக்கு எங்கே வேலை என்று தெரிந்துதான் சொன்னார்: "கமரா பூட்டினா களவு நிக்காது மச்சான். முதல்ல கமராதான் களவு போகும்." பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கு வரவில்லை.

உம்மா: "மொகம் ஏன் இப்பிடி?" சொன்னேன். "நீ சொல்ற வேலயச் சொல்லிட்டாய். இனிப் பேசாம இரி. பொம்புளப் புள்ளைக்கி பக்கத்துல ஒரு ஆபீஸ் வேல கெடச்சதே பெரிசு."

பேசாமல் இரு. நினைவகத்தில் இருந்து தூக்குவதற்கு அதுதான் முதல் தகுதி.

சவர்க்காரம் வாங்க மறந்துபோனேன்.

ஒக். 16, வியாழன்

மூன்றாம் குளம் போய்விட்டது.

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன். காலையிலிருந்தே கறுத்த மப்பு. ஓர் ஓலை அசையவில்லை. இப்படியான நாளில் குளத்துப் பாசி ஒட்சிசன் விடாது. இருப்பதையும் தானே குடிக்கும். காலையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எண்களைப் பார்த்தேன். நல்ல எண்கள்.

மதிய லுஹர் தொழுதுவிட்டு வந்தேன். எண்கள் மாறவே இல்லை. ஒரு புள்ளிகூட. அம்பைத் தொட்டேன், அசையவில்லை. சிவப்பு விளக்கு. அப்போதுதான் விளங்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்தது காலையின் எண்கள்.

செருப்பைப் போடாமல் ஓடினேன். குளத்து வரம்பில் பாதி தூரத்தில் எனக்குப் பின்னால் சைரன் அலறத் தொடங்கியது. மடையில் வலை தைத்துக்கொண்டிருந்த செல்வம் அண்ணன் ஊசியை எறிந்துவிட்டு ஓடிவந்தார். சில்லுகள் சுற்றின. மற்றக் குளங்கள் தப்பின. மூன்றாவதில் ஓரமெல்லாம் இறால், ஒன்றன்மேல் ஒன்றாக, பக்கவாட்டில் சாய்ந்து. சில கால்கள் இன்னும் அசைந்தன. காகங்கள் எங்களுக்கு முன்பே வந்திருந்தன.

ஹாஜியார் வந்தார். கத்தவில்லை. அது இன்னும் பயம். அக்ரம் நானா கமராப் பதிவைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். திரையில் செல்வம் அண்ணன் குந்தியிருந்து வலை தைக்கிறார். தைத்துக்கொண்டே இருக்கிறார்.

"பாருங்க வாப்பா. சைரன் அலறுது, இவன் ஆடாம அசையாம குந்தியிரிக்கான்."

"அப்ப சைரன் அடிக்கல்ல தம்பி. அடிச்ச உடன நான் ஓடினன்."

"அடிக்கல்லயா? பண்ண முழுக்கக் கேட்டிச்சே! தீபாவளி நெனப்புல இருந்திருப்பாய்."

கமராவில் படம் மட்டும்தான். சத்தம் பதிவதில்லை. அது எனக்கும், பூட்டிய சிலாபத்தானுக்கும், அக்ரம் நானாவுக்கும் தெரியும். மூவரில் ஒருவர் சிலாபத்தில். ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன்.

ஒக். 17, வெள்ளி

மழை. இப்போது வருகிறது, நாய்.

செல்வம் அண்ணனை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொட்டிலில் விட்ட செருப்பையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுக்க வந்தார். போகும்போது கேற்றில் வைத்துப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்து காட்டினார். கழுவிய பெட்டி. ஒரு சோற்றுப் பருக்கைகூட இல்லை. அக்ரம் நானா குனிந்து பார்த்தார். அப்பாலே ஜும்ஆத் தொழுகைக்குப் போனார்.

"தங்கச்சி, உங்களுக்குச் சைரன் எப்ப கேட்டிச்சு?"

"நீங்க ஓடுறதுக்குக் கொஞ்சம் முதல்."

"அதத்தானே நானும் சொன்னன்."

செல்வம் அண்ணன் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தனக்குப் பைத்தியம் இல்லையே என்று உறுதிப்படுத்தத்தான் கேட்டார். மழையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

ஒக். 20, திங்கள்

தீபாவளி விடுமுறை. வீட்டில். உடப்பில் இன்று என்ன சமைத்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

படிப்பு. நினைவகத்துக்கு மிஞ்சி நிரல்களை ஏற்றினால் முறைமை வேலை செய்யாது, பக்கங்களை ஏற்றி இறக்குவதே அதன் வேலையாகிவிடும். வெளியே இருந்து பார்ப்பவனுக்கு மும்முரமாக ஓடுகிற மாதிரித்தான் தெரியும். மருந்து இரண்டு: நிரல்களைக் குறை, அல்லது நினைவகத்தைக் கூட்டு. சில்லுப் போடுகிறவனை நிறுத்து என்று எந்தப் பதிப்பிலும் இல்லை.

பேசினால்:
- வேலை போகும்.
- கணினி என் பொறுப்பு, ஆகவே பிழையும் என்னுடையது என்பார் அ. நானா.
- உம்மா ஒரு வாரம் கதைக்கமாட்டா.
- வேறு வேலை? எத்தாளைப் பக்கம் வெங்காயம் பிடுங்கப் போகலாம்.

பேசாவிட்டால்:
-

சொல்லால் ஒன்றும் நடக்காது. "படிச்ச புள்ள கதைக்கும்" என்று ஹாஜியார் எழும்பிப் போய்விடுவார். காட்ட வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் அதில் கரைந்த காற்றுப் போய்விடும். மூடி ஆறவைத்தால் இலேசில் திரும்ப ஏறாது. மூன்றாம் குளத்து உணரி இப்போது சும்மாதான் தொங்குகிறது.

உம்மா கேட்டா, இத்தனை தண்ணீர் கொதிக்கவைத்து யாரைக் குளிப்பாட்டப் போகிறாய் என்று.

ஒக். 21, செவ்வாய்

வெயில். கொதித்து ஆறிய தண்ணீரை மூடி போட்ட வாளியில் பஸ்ஸில் கொண்டுபோனேன்.

மாலை அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்பு ஹாஜியார் வந்தார். "ஹாஜியார், ஒண்டு காட்டணும்" என்றேன். வாளியை அவர் காலடியில் வைத்தேன்.

"இது செத்த தண்ணி. ஒட்சிசன் இல்ல. உணரிய இதுக்குள்ள போடுறன். சைரன் உடன அடிக்கணும்."

"போடுங்க மகள்."

போட்டேன். எல்லாக் கமராவும் திரையில். அக்ரம் நானாவின் கிரிக்கெட்டும். ஹாஜியார் கதிரையில். பிளேன்டி வந்தது. குடித்தார். அக்ரம் நானா காலாட்டினார். "வயர் கழண்டிரிக்கும்" என்றார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஹாஜியார் எழும்பிக் கைகால் கழுவி ஒழு எடுத்தார், பக்கத்து அறையில் பாய் விரித்துத் தொழுதார். சலாம் கொடுத்துவிட்டு வந்து கதவில் நின்றார். சைரன் இல்லை. வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வயரைத்தான் பார்த்தேன். உண்மையாகவே கழன்றிருந்தால்?

அவர் தொப்பியைக் கழற்றும்போது சைரன் அலறியது.

ஹாஜியார் தொப்பியை மேசையில் வைத்தார். அப்புறம், "கமராவ நிப்பாட்டு."

"வாப்பா, அப்ப களவு?"

"செத்த இறால ஆருடா களவெடுக்கிற?"

சிலாபத்தானிடம் கடவுச்சொல் வாங்கி நிறுத்தினார்கள். அதே வாளி, அதே உணரி. தூக்கி, உதறி, மறுபடி போட்டேன். கையை எடுக்க முதல் அலறியது.

மெமரி வாங்குவதாக முடிவு. செல்வத்தைக் கூப்பிடுவதாக முடிவு. அக்ரம் நானா போனில் சொன்னது என் காதால் கேட்டது: "வாப்பா உன்ன மன்னிச்சிட்டாரு. நாளண்டக்கி வா."

மன்னிப்பு! எதற்கு?

ஒக். 23, வியாழன்

மப்பு. காற்றில்லை.

செல்வம் அண்ணன் வந்துவிட்டார். "என்ன மன்னிச்சிட்டாங்களாம். எதுக்கெண்டு உங்களுக்குத் தெரியுமா தங்கச்சி?" சிரித்தார். பல் மட்டும்தான் சிரித்தது. வேறு எங்கே போவார்?

மெமரி வரவில்லை. கொழும்பிலிருந்து வர வேண்டுமாம். காலையில் வந்து பார்த்தால் கமரா எல்லாம் திரும்ப ஓடுகிறது.

"அது வந்து சேர ரெண்டு நாள்தானே," என்றார் அக்ரம் நானா. "ஒண்டும் ஆகாது."

லுஹருக்கு முன்பே சிவப்பு விளக்கு நின்று எரியத் தொடங்கியது. எண்கள் அசையவில்லை. வரம்புக்குப் போனேன். மூன்றாம் குளம் போவதற்கு இரண்டு நாள் முன்பே சைரன் பிந்தும் என்று எனக்குத் தெரியும், சொல்லாதே என்றார்கள், நான் தலையாட்டினேன் என்று செல்வம் அண்ணனிடம் சொன்னேன். அவர் களப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்பயும் அப்பிடித்தான் கிடக்கு. சைரனப் பாத்து நிக்காம சில்லப் போடுங்க அண்ணன்."

"முதலாளி கேட்டா?"

"என்னக் காட்டுங்க."

எல்லாக் குளத்திலும் சில்லுகள் சுற்ற, நான் மேசைக்குத் திரும்பினேன். திரையில் தெரிந்திருக்க வேண்டும், அக்ரம் நானா என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஆரு போடச் சொன்ன?"

"நான்."

வெளியே போய் வாப்பாவுக்குப் போன் அடிக்கிறார். நான் இதை எழுதுகிறேன். சில்லுச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.